வந்து போகிறவன்

அத்தியாயம் 11

ஹாலுக்குக் குறுக்கே நின்ற பலகைத் தடுப்பைப் பிரித்து எடுத்ததோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். தடுப்பு போனாலும் அது நின்ற இடம் போகவில்லை. தரையில் அந்த இடத்தில் மட்டும் பழைய நிறம் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரிந்தது. பாப்பா விடிந்ததிலிருந்து அந்தக் கோட்டை ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்த்தால் போகிற கோடா அது?

பாப்பா என்றதும் தொட்டில் பிள்ளை என்று புதிதாக வந்தவர்கள் நினைத்துவிட வேண்டாம். நாற்பத்திரண்டு வயது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் மலை மலையாக வந்து விழும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குகிற வேலை. பிறந்த வீட்டில் முதல் பெண் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர். லிப்ட் மெக்கானிக்கான வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். இனி மாறப் போவதில்லை.

தடுப்பு அவளுடைய தம்பி அடித்தது. வீட்டில் அவன் சின்னவன். இந்த நாட்டுக்கு முதலில் வந்தவன் அவன்தான். ராத்திரி முழுக்க ரொட்டி சுடுகிற பேக்கரியில் வேலை. இந்த வீட்டைத் தேடிப் பிடித்ததும் அவன், அக்கா புருஷனுக்கு லிப்ட் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்துச் சொன்னதும் அவன். அக்கா குடும்பம் வந்து இறங்கிய மறுநாளே படுக்கையறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, ஹாலில் பலகை அடித்து, ஒரு கட்டில் மட்டும் கொள்ளுகிற மறைவை உண்டாக்கிக்கொண்டு அதற்குள் புகுந்துவிட்டான். "நீங்க குடும்பம். நான் ஒத்தை ஆளு. எனக்கென்ன?" என்றான். வாடகை ஒப்பந்தத்தை மாமா பேருக்கு மாற்றச் சொன்னதும் அவனேதான்.

புதிதாக வந்திருக்கிற சட்டத்துக்கு அந்த மறைவு ஆகவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் இங்கே தங்குகிற அனுமதியைப் புதுப்பிக்க வேண்டுமானால், வீட்டில் தலைக்கு இவ்வளவு இடம் என்று இருந்தாக வேண்டும். அதிகாரி நேரில் வந்து அளந்து பார்ப்பார். இடம் போதாவிட்டால் அந்த முகவரியில் இருக்கிற அத்தனை பேருக்கும் புதுப்பிப்பு நின்றுவிடும். ஜன்னல் இல்லாத அறை அவர்கள் கணக்கில் அறையே இல்லை. ஆகவே தடுப்பு போயிற்று. அதே பலகையில் செய்த கட்டிலும் அதோடு போயிற்று. சின்னவனே திருகாணிகளைக் கழற்றி, பலகைகளைத் தோளில் சுமந்து கீழே கொண்டுபோய்ப் போட்டான். "என் அரண்மனையை இடிச்சுட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று சிரித்தான். பாப்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிலிருந்து அவன் பகலில் சோபாவில் காலை மடக்கிக்கொண்டு தூங்கினான்.

அதிகாரி வருகிற நாள் இன்று.

பெண் பார்க்க வருகிறார்கள் என்கிற மாதிரி வீடு துடைத்துக் கிடந்தது. சின்னவன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. மெக்கானிக் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு மறுபடியும் ஹாலை அளக்கப் போனார்.

"அளந்துக்கிட்டே இருந்தா வீடு வளருமா?" என்றாள் பாப்பா.

"சும்மா இரு. ஹாலும் ரூமும் மட்டும்னா ஒரு பாய் விரிக்கிற அளவுக்குக் குறையுது. வாசல்லேர்ந்து உள்ளே வர்ற நடை இருக்கில்ல, அதையும் சேர்த்தா நாலு பேருக்கும் சரியா வந்துடும்."

"நடையைச் சேர்ப்பாங்களா?"

"சேர்க்கணும். வீட்டுக்குள்ளதானே இருக்கு? தெருவுலயா இருக்கு?"

"சேர்க்கணுமான்னு கேக்கல. சேர்ப்பாங்களான்னு கேட்டேன்."

மெக்கானிக் டேப்பை விட்டார். அது விருட்டென்று உள்ளே சுருண்டு அவர் விரலைப் பதம் பார்த்தது.

சேர்க்கவே மாட்டார்கள் என்று அடித்துச் சொன்னவள் நாலாவது மாடி ரேடியோ. நம் பாஷைக்காரி. கட்டடத்தில் யார் வீட்டில் யார் தும்மினாலும் அவளுக்குத் தெரியும் என்பதால் வந்த பெயர். "நடையில யாராவது படுப்பாங்களா? அதெல்லாம் கணக்குல வராதும்மா. என் பேச்சைக் கேளு. ஒரு தலையைக் குறைச்சுச் சொல்லிடு. பக்கத்துத் தெருவுல ஒருத்தங்க அஞ்சு பேர்னு உள்ளதைச் சொல்லி, அஞ்சு பேரும் மூட்டை கட்டிட்டாங்க தெரியுமா?" அதைக் கேட்டதிலிருந்து பாப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை.

மெக்கானிக் காதில் போட்டபோது அவர் சீறி விழுந்தார். "அவ சொன்னா வேதமா? உள்ளதை உள்ளபடி சொல்லுவோம். வர்றது வரட்டும்."

சொல்லிவிட்டுப் போக அவருக்கு என்ன? வருவதை வாங்கிக்கொள்ளப் போவது வாண்டுவும் அல்லவா?

வாண்டு அவர்கள் மகள். பதினாலு வயது. இந்த ஊர்ப் பாஷையை இந்த ஊர்க்காரர்களை விட வேகமாகப் பேசுவாள். பாப்பாவுக்கோ வேலை செய்கிற இடத்தில் 'மடி', 'தூக்கு', 'போதும்' என்பதற்கு மேல் பாஷை ஏறவில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடச் சொல்லி வாண்டுவை வீட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து மெக்கானிக்கின் போன் அலறியது. ஒரு ஓட்டலில் லிப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே இரண்டு பேர். ஒருத்திக்கு மூச்சு முட்டுகிறதாம். இன்றைக்கு லீவு என்று இவர் சொல்லச் சொல்ல மறுமுனையில் குரல் உயர்ந்தது. பக்கத்தில் வேறு ஆள் இல்லை.

"போயிட்டு ஓடி வந்துடறேன்" என்று பையைத் தூக்கினார். வாசலில் நின்று திரும்பினார். "அவங்க வந்துட்டா அளக்கச் சொல்லு. ஏதாவது கேட்டா, வீட்டுக்காரர் வந்து சொல்வார்னு சொல்லிடு. நீயா வாயைக் குடுக்காதே. புரியுதா?"

"புரியுது."

புரிந்தது. ஆனால் அவர் படியிறங்கிப் போன சத்தம் ஓய்வதற்குள் பாப்பா மறுபடியும் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

அளக்க வந்தவள் ஒரு நடுத்தர வயது அம்மாள். முழங்கால் வலி போலிருக்கிறது, மாடி ஏறி வந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். உள்ளே வருமுன் செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று சைகையால் கேட்டாள். வேண்டாம் என்று பாப்பா பதறியும் கழற்றி ஓரமாக வைத்தாள். தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கடுகடுவென்று ஒரு ஆள் வந்திருந்தால் பாப்பாவுக்குக் கொஞ்சம் தைரியமாகக் கூட இருந்திருக்கும்.

உட்காருமுன் அந்த அம்மாள் ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"எல்லார்கிட்டயும் சொல்றதுதானாம்மா, பயப்பட வேண்டாமாம்" என்றாள் வாண்டு. "தெரிஞ்சே தப்பான தகவல் குடுத்தா வீட்ல இருக்கற எல்லாருக்கும் அனுமதி ரத்தாயிடுமாம். அதைச் சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம்."

பாப்பா தலையை ஆட்டினாள்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கருவியைச் சுவரில் வைத்து அமுக்கினால், எதிர்ச் சுவரில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. டேப் இல்லை, சுருட்டல் இல்லை. ஹால் முடிந்தது. படுக்கையறை முடிந்தது. கையிலிருந்த பலகைக் கணினியில் அந்த அம்மாள் தட்டிக்கொண்டே வந்தாள். பாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு பின்னால் நடந்தாள். படுக்கையறை வாசலில் அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கி, உதட்டைப் பிதுக்கினாள்.

பிதுக்கினது எதற்காக என்று யாருக்குத் தெரியும்? முழங்கால் வலியாக இருக்கலாம். பாப்பாவுக்கு அது போதாது என்றுதான் பட்டது. ஒரு பாய் விரிக்கிற அளவு. ஐந்து பேர் மூட்டை கட்டின கதை. வாண்டுவின் பள்ளிக்கூடம், அவள் சிநேகிதிகள், அடுத்த வருஷம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கும் பாடங்கள். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றன.

அந்த அம்மாள் ஹாலுக்குத் திரும்பி வந்து கேட்டாள்.

"இங்கே எத்தனை பேர் இருக்கோம்னு கேக்கறாங்க" என்றாள் வாண்டு. "பதிவுல நாலு பேர்னு இருக்காம்."

வீட்டுக்காரர் வந்து சொல்வார் என்று சொல்ல வேண்டியதுதானே? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு பக்கம் திரும்பியிருக்கும்.

சின்ன வயசில் சின்னவன் கண்ணாடியை உடைப்பான், பாப்பா போய் அப்பா முன்னால் நின்று "பூனை தள்ளிடுச்சுப்பா" என்பாள். அவன் ஸ்கூலுக்குப் போகாமல் சுற்றுவான், இவள் காய்ச்சல் என்பாள். தம்பிக்கு ஒன்று என்றால் முதலில் வாயில் வருவது பொய், அப்புறம்தான் யோசனை. காப்பாற்றுகிறோம் என்கிற நினைப்பு அவளுக்கு இன்றும் அப்படித்தான் வந்தது. நாலு பேரும் போவதற்குப் பதிலாக, ஒருத்தன் இந்த வீட்டில் இல்லை என்றால் நாலு பேரும் இருக்கலாமே. வேறு இடமா கிடைக்காது அவனுக்கு? முகவரியை மாற்றி எங்கேயாவது பதிந்துகொண்டால் போகிறது.

"மூணு பேர்னு சொல்லு" என்றாள்.

வாண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா?"

"சொல்லுடி."

"அப்போ மாமா?"

"வேற இடத்துல இருக்கான். இங்கே வந்து போவான். அவ்வளவுதான்னு சொல்லு."

"அம்மா, அப்பா என்ன சொன்னார்..."

"உங்கப்பா இங்கே இல்ல. நான் சொல்றதைச் சொல்லு."

வாண்டு சொன்னாள். வழக்கமாக அருவி மாதிரி கொட்டுகிறவள், ஒவ்வொரு வார்த்தையாக, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த அம்மாள் நிதானமாகக் கேட்டாள், தட்டினாள், இன்னொரு கேள்வி கேட்டாள். எத்தனை நாளாக இல்லை? கொஞ்ச நாளாக. பதிவை ஏன் மாற்றவில்லை? மறந்திருப்பான். கேள்விக்கு ஒரு பொய் பிறந்தது. முதல் பொய்தான் கஷ்டம், மற்றவை தாமாகவே வந்தன.

அப்போது வாசல் கதவில் சாவி நுழைகிற சத்தம் கேட்டது.

வந்து போகிறவன் சாவி வைத்திருப்பானா?

சின்னவன் உள்ளே வந்தான். கையில் ரொட்டிப் பை, சட்டைக் கையில் மாவு, ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்ற சிவப்புக் கண். வாசலில் அந்நியச் செருப்பைப் பார்த்திருக்கிறான். சிரித்த முகமாகத்தான் வந்தான்.

"வந்துட்டாங்களாக்கா? மாமா எங்கே?"

"நீ இங்கே இல்லன்னு சொல்லியிருக்கேன்டா" என்றாள் பாப்பா, மூச்சு விடாமல். "வேற இடத்துல இருக்கே, இங்கே வந்து போறேன்னு. நீயும் அப்படியே சொல்லிடு."

சின்னவன் முகத்தில் ஈயாடவில்லை. வாண்டுவைப் பார்த்தான். "சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு மாமா. டைப் பண்ணிட்டாங்க."

அந்த அம்மாள் கையை உயர்த்தினாள். உங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டாம் என்பது அந்தச் சைகையிலேயே தெரிந்தது. பிறகு சின்னவனைப் பார்த்து நேராகக் கேட்டாள். அவனுக்கு வாண்டு தேவையில்லை, பாஷை நன்றாகவே வரும்.

அக்காவைப் பார்த்தான். அது கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் பாப்பா தாங்கியிருப்பாள். அடி வாங்கும் முன்னால் சின்னப் பிள்ளை பெரியவர்கள் முகத்தைப் பார்க்குமே, அப்படிப் பார்த்தான். அப்புறம் ரொட்டிப் பையை மேஜை மேல் வைத்துவிட்டு அந்த அம்மாள் பக்கம் திரும்பினான்.

அவன் பேசப் பேச, வாண்டு அம்மாவின் காதில் கிசுகிசுத்தாள். "இங்கே இல்லன்னு சொல்றார்மா. பேக்கரிப் பக்கத்துல ஒரு சிநேகிதன் வீட்ல இருக்காராம்... நம்ம வீட்ல எல்லாரும் வேலைக்குப் போயிடறதால அவசரத்துக்கு ஒரு சாவி வெச்சிருக்காராம்... தங்கச்சி... இல்ல, அக்காவுக்கு ரொட்டி குடுக்க வந்தாராம்."

பொய் எத்தனை அழகாகப் பொருந்துகிறது என்று பாப்பாவுக்கு நிம்மதியாகக் கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அவள் பிற்பாடு பட்ட வேதனை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த அம்மாள் பலகைக் கணினியை நீட்டினாள். சின்னவன் விரலால் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு எங்கே நிற்பது என்று தெரியாதவன் போல் நின்றான். அவன் தூங்குகிற சோபா அங்கேதான் இருந்தது. அதன் நுனியில் உட்கார்ந்தான். இரண்டு நிமிஷம் போயிருக்கும். அதிகாரி போகிற வழியாயில்லை. விருந்தாளி எவ்வளவு நேரம் உட்காருவான்? எழுந்தான்.

"சரிக்கா. நான் கிளம்பறேன்."

ராத்திரி முழுக்கக் கண் மூடாதவன். எங்கே போவான்? போய்ப் படுக்க இந்த ஊரில் அவனுக்கு வேறு இடம் இருக்கிறதா என்று பாப்பாவுக்குத் தெரியாது. அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்ல வேண்டுமே.

"டீ குடிச்சுட்டுப் போயேன்" என்றாள் பாப்பா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. சின்னவன் சிரித்தான்.

"பரவாயில்லக்கா. இன்னொரு நாள் வந்து குடிக்கிறேன்."

கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனான்.

அந்த அம்மாள் எழுந்து, முழங்காலை நீவிக்கொண்டு, வாசலை நோக்கி நடந்தாள். கிளம்புகிறாள் என்று பாப்பா செருப்பை எடுத்து வைக்கக் குனிந்தாள். ஆனால் அந்த அம்மாள் வாசல் கதவோரம் நின்று, கருவியைச் சுவரில் வைத்து அமுக்கினாள். நடையின் அந்தக் கோடியில் சிவப்புப் புள்ளி விழுந்தது.

பாப்பா குனிந்தபடியே அதைப் பார்த்தாள்.

"ஏன்டி... அதை எதுக்கு அளக்கறாங்க?"

வாண்டு கேட்டாள். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு பதில் சொன்னாள்.

"என்னடி சொல்றாங்க?"

"நடையும் கணக்குல சேருமாம்மா."

"சேர்ந்தா?"

வாண்டுவின் கண் நிறைந்துவிட்டது. "இந்த வீட்ல நாலு பேர் தாராளமா இருக்கலாமாம். மூணு பேர்தானே, உங்களுக்கு ஒரு கவலையும் இல்லைங்கறாங்க."

பாப்பா செருப்பைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தலை சுற்றுகிறதா என்று கேட்டு அந்த அம்மாளே அவளைத் தூக்கிவிட்டாள்.

மெக்கானிக் ஓடி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மேஜை மேல் ரொட்டிப் பை பிரிக்காமல் கிடந்தது. நடந்ததை வாண்டுதான் சொன்னாள். பாப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முழுவதையும் கேட்டுவிட்டு மெக்கானிக் கத்தவில்லை. கத்துவார் என்று எதிர்பார்த்து உடம்பைக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்த பாப்பாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"பாப்பா, நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா?"

"எடம் போதாதுன்னு நெனச்சேங்க. வேற எடத்துல பதிஞ்சுக்கிட்டா..."

"பதிய முடியாது. அவன் இருக்கேன்னு பதிஞ்ச எடத்துல இல்லாம இருந்திருக்கான்னு இப்போ எழுத்துல ஏறிடுச்சு. அப்படி இருந்தா புதுப்பிப்பே கிடையாது. நாட்டை விட்டு வெளியே போய், அங்கேர்ந்து மறுபடியும் மொதல்லேர்ந்து விண்ணப்பிக்கணும். குடுப்பாங்களா மாட்டாங்களான்னு எவனுக்கும் தெரியாது." அவர் நிறுத்தினார். "இந்த வருஷத்தோட அவனுக்கு நிரந்தரமா இருக்கற அனுமதி கெடைச்சிருக்கும். இத்தனை வருஷமும் அதுக்காகத்தானே பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தான்?"

அது பாப்பாவுக்குத் தெரியும். கல்யாணம் என்று எப்போது பேச்செடுத்தாலும், "நிரந்தரம் ஆகட்டும்க்கா, அப்புறம் பாரு, நீயே போதும் போதும்னு சொல்ற மாதிரி பண்ணிக்கறேன்" என்பான். முப்பத்தைந்து வயசு ஆகிறது.

"அவனுக்கு இந்தச் சட்டம் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா ஒத்துக்கிட்டிருக்க மாட்டான்."

மெக்கானிக் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எனக்கு இதையெல்லாம் படிச்சுச் சொன்னதே அவன்தான் பாப்பா. போன மாசம், இதே சோபாவுல உக்காந்துக்கிட்டு. ஒரு வரி விடாம."

பாப்பா அழுதாள். இத்தனை நேரம் வராத அழுகை அடித்துக்கொண்டு வந்தது. வாண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நான் தப்பா மாத்திச் சொல்லிட்டேன்னு சொன்னா? எனக்கு நம்ம பாஷை சரியா வராது, அம்மா நாலுன்னாங்க, நான்தான் மூணுன்னுட்டேன்னு? என்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா. நான் சின்னப் பொண்ணுதானே?"

மெக்கானிக் அவள் தலையில் கை வைத்தார். "அவன் வாயாலயும் சொல்லிட்டானேம்மா. அவன் வாயைத் தொறக்காம இருந்திருந்தா நீ சொல்றது நடந்திருக்கும். கையெழுத்தும் போட்டுட்டான்."

"அப்போ நான் போய் உண்மையைச் சொல்லிடறேன்" என்றாள் பாப்பா. "நான்தான் பொய் சொன்னேன்னு சொல்லிடறேன்."

"சொல்லு. நம்ம மூணு பேரையும் அனுப்பிடுவாங்க. பொய் சொன்னதுக்கு அவனையும் அனுப்பிடுவாங்க. அப்புறம் அவன் இன்னிக்குப் பண்ணதுக்கு என்ன அர்த்தம்?"

வாண்டு எழுந்து ரொட்டிப் பையைப் பிரித்தாள், மறுபடியும் மடித்து வைத்தாள்.

மத்தியான ஷிப்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. சலவைக்கூடத்தில் விரிப்புகளை இரண்டு பேராக மடிக்க வேண்டும். நீள வாக்கில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து, நுனியோடு நுனி சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாப்பா வேறு எங்கோ இருந்தாள். எதிரே நின்றவள் கையில் சேர்க்குமுன் இரண்டு முறை நுனி நழுவி, விரிப்பு ஈரத் தரையில் விழுந்தது. அவள் ஏதோ முணுமுணுத்தாள். பாஷை புரியாவிட்டாலும் திட்டுதான் என்று பாப்பாவுக்குத் தெரிந்தது. திட்டட்டும். இன்றைக்கு யாராவது திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது.

இடைவேளையில் தம்பிக்குத் திரும்பத் திரும்பப் போன் செய்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. தூங்குகிறானா? எங்கே தூங்குகிறான்? ஏதாவது பூங்கா பெஞ்சிலா? குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடியும் மடித்தாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைப்பையைக் கூட இறக்கி வைக்கவில்லை, அவனே கூப்பிட்டான்.

"என்னக்கா, பத்து தடவை அடிச்சிருக்கே? வீடு பத்திக்கிச்சா?"

"எங்கேடா இருக்கே?"

"பேக்கரியில பழைய மாவு மூட்டையெல்லாம் போட்டு வெக்கற ரூம் ஒண்ணு இருக்கு. மொதலாளி அங்கே படுத்துக்கச் சொல்லியிருக்கார். மூட்டை மேல படுத்தா உன் சோபாவை விட சொகமா இருக்கு தெரியுமா?"

"வீட்டுக்கு வாடா."

"வரக் கூடாதுக்கா. திடீர்னு திரும்பி வந்து பார்ப்பாங்களாம், அதுவும் சட்டத்துல இருக்கு. என்னை அங்கே பார்த்தா நீ மாட்டிக்குவே."

பாப்பா போனை இறுகப் பிடித்துக்கொண்டாள். "உனக்குத் தெரியுமாடா? அப்படிச் சொன்னா உனக்கு என்ன ஆகும்னு தெரிஞ்சேதான் சொன்னியா?"

"அதை விடுக்கா."

"சொல்லுடா."

"உன் மூஞ்சியைப் பார்த்தேன்" என்றான். "அப்பா முன்னால நிப்பியே, எனக்காக. அதே மூஞ்சி. நான் மாத்திச் சொன்னா நீ பொய்க்காரி ஆயிடுவே. வாண்டுவுக்குப் படிப்பு போயிடும். அந்த அம்மா முன்னால நான் என்ன பண்ணட்டும்? அழாதேக்கா. நீ என்ன வேணும்னேவா பண்ணினே?"

திட்டியிருக்கலாம் அவன். நீ எனக்குச் செய்ததே போதும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"இந்தா, கேளு" என்றான். "மாமாகிட்ட என் சாமானையெல்லாம் குடுத்து அனுப்பு. பேக்கரிப் பின்வாசல்ல நிக்கறேன்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு பாப்பா அலமாரியைத் திறந்தாள். எல்லாம் என்பது ஒரு பெட்டி கூட நிறையாது போலிருந்தது. நாலு சட்டை, இரண்டு பேன்ட், சவரப் பெட்டி, வாண்டு எப்போதோ வரைந்து கொடுத்த படம். கோடியில் தடித்த குளிர் ஜாக்கெட் தொங்கியது. போன வருஷம்தான் வாங்கினான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் குளிர்த் துணியை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"ஜாக்கெட்டை மேலேயே வைக்கறேன்டா. அந்த ரூம்ல ராத்திரி குளிருமே. மொதல்ல அதை எடுத்துப் போட்டுக்கோ."

மறுமுனையில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"டேய்?"

"அது வேண்டாம்க்கா. மாமாவைப் போட்டுக்கச் சொல்லு. எனக்கு இனிமே தேவைப்படாது."

ஏன் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. ஜாக்கெட் தேவைப்படாத ஊர் அவர்கள் இரண்டு பேருக்கும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

"எப்போடா?" என்றாள்.

"மாமாவைச் சீக்கிரம் அனுப்புக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.